மூளை லிம்ஃபோமா மூளைக்கு வெளியே திரும்பும்போது: பயாப்சி முதல் கீமோ வரை

கேள்வி இதுதான். அப்பாவுக்கு 61 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மூளையில் மட்டும் லிம்ஃபோமா (நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோய்) வந்தது. மெத்தோட்ரெக்சேட், சைட்டராபின், ரிட்டுக்சிமாப் சேர்ந்த கீமோவில் முழுதாகக் கரைந்தது. ஸ்டெம்செல் மாற்று செய்யவில்லை. போன மாதம் எடுத்த மூளை எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்தது. இப்போது வலது விரை வலியில்லாமல் கெட்டியாகப் பெருத்திருக்கிறது. இது பழைய நோயா, மூளை நன்றாக இருக்கும்போது கீழே எப்படி வரும், வந்தால் வழி உண்டா?

பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவு வரும்வரை அதைப் பழைய நோயின் திரும்பலாகவே கருதி நடக்க வேண்டும். வழி நிச்சயம் உண்டு. மூளைக்கு வெளியே மட்டும் திரும்பியவருக்கு, இதுவரை அவர் உடல் பார்க்காத மருந்துகள் இன்னும் கையில் இருக்கின்றன. மூளையிலேயே திரும்பியவருக்கு அந்த வசதி குறைவு. முதல் ஓரிரு வாரங்களில் பரிசோதனை எந்த வரிசையில் நடக்கிறது என்பதில் கவனம் தேவை. இங்கே பெரும்பாலும் கெடுவது அந்த வரிசைதான்.

முதலில் ஒரு தெளிவு. "வேறு இடத்தில் திரும்பியது" என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. மூளைக்குள்ளேயே பழைய இடத்தை விட்டு வேறு பகுதியில் வருவது ஒன்று. இது சாதாரணமாக நடப்பது. இந்த நோய் தொடக்கத்திலிருந்தே எம்.ஆர்.ஐ.யில் தெரியும் கட்டியைத் தாண்டி மூளை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. இரண்டாவது, கண்ணிலோ தண்டுவட நீரிலோ தண்டுவடத்திலோ வருவது. இவையும் மத்திய நரம்பு மண்டலத்துக்குள் அடங்குபவை என்பதால் மூளைக்குள் செல்லும் மருந்துகளே தேவை. மூன்றாவதுதான் உங்கள் கேள்வி: விரை, மார்பகம், தோல், சிறுநீரகம், அட்ரினல், நெறிகட்டிகள், எலும்பு போன்ற வெளி உறுப்புகளில் வருவது. திரும்பும் நோயாளிகளில் இந்த மூன்றாம் வகை நூற்றுக்குப் பத்துக்கும் கீழ்தான். அரிது என்பதாலேயே பலருக்கு அது உடனே நினைவுக்கு வருவதில்லை. யூராலஜி பிரிவில் அதை விரைவாதம் என்றோ விரை அழற்சி என்றோ எழுதி ஆன்டிபயாடிக் கொடுத்து மூன்று வாரம் ஓட்டிவிடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு விரையில் வரும் புற்றுநோய்களில் லிம்ஃபோமாதான் முதலிடம். மூளை லிம்ஃபோமா வந்தவருக்கு அந்தச் சந்தேகம் இன்னும் பல மடங்கு.

ஏன் விரை? மூளை, கண், விரை மூன்றும் உடலின் நோயெதிர்ப்புக் காவல் தளர்ந்த இடங்கள். மூன்றிலும் தனித் தடுப்புச் சுவர் உண்டு. மூன்றிலும் வரும் பெரிய பி-செல் (ஒரு வகை வெள்ளணு) லிம்ஃபோமாக்கள் மரபணு அளவில் ஒரே குடும்பம்: எம்.ஒய்.டி.88 மரபணுவில் எல்265பி மாற்றம், சி.டி.79பி மாற்றம், தம்மைக் காட்டிக்கொடுக்கும் எச்.எல்.ஏ. புரதங்களை இழந்துவிடுவது ஆகியவை மூன்றிலும் அடிக்கடி காணப்படுகின்றன. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாட்டில் இவற்றை ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். மூளையில் வளரப் பழகிய செல்லுக்கு உடலில் வேறெங்கும் பிழைப்பது கடினம், விரையில் எளிது.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இரண்டு பாதைகள் உண்டு. முதல் நாளிலேயே எலும்பு மஜ்ஜையிலோ இரத்தத்திலோ அதே குளோன் (ஒரே செல்லின் வழிவந்த கூட்டம்) மிகச் சிறிய அளவில் இருந்திருக்கலாம். ஸ்கேனிலும் சாதாரண மஜ்ஜைப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாத சிலருக்கு, பி.சி.ஆர். என்ற நுண்ணிய மரபணுப் பரிசோதனை செய்தபோது மூளைக் கட்டியில் இருந்த அதே இம்யூனோகுளோபுலின் மரபணுக் கோவை (ஒவ்வொரு பி-செல் குளோனுக்கும் கைரேகை போன்றது) மஜ்ஜையிலும் கிடைத்திருக்கிறது. மற்றொன்று, இரண்டுக்கும் பொதுவான ஒரு மூலச் செல் உடலில் தங்கியிருந்து, சில ஆண்டுகள் கழித்து வேறு கிளையாக வளர்வது. அப்படி வருவது பழைய நோயின் உறவுதான், ஆனால் அச்சுப் பிரதி அல்ல. இவை தவிர, முற்றிலும் தொடர்பில்லாத புது லிம்ஃபோமா வருவதும் உண்டு. ஐந்து ஆண்டுகள், பத்து ஆண்டுகள் கழித்துக்கூட நோய் திரும்பியிருக்கிறது. ஆகவே "மூன்று வருஷம் தாண்டிவிட்டது, இனி வராது" என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. இன்றைக்கே ஒரு விஷயத்தைத் தடுத்துவிடுங்கள்: பயாப்சிக்கு முன் ஸ்டீராய்டு கூடாது. டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஏன், அலர்ஜிக்கோ மூச்சிரைப்புக்கோ போடும் ஊசியும்கூடத்தான். லிம்ஃபோமா செல்கள் ஸ்டீராய்டு பட்டதும் தாமாகவே மடிந்துபோகும். வீக்கம் வடியும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள், பிறகு எடுக்கும் திசுவில் சிதைந்த செல்களும் அழற்சியும் மட்டுமே இருக்கும். சில வாரத்தில் வீக்கம் திரும்பும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மூளை அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

விரைக்கு முதல் பரிசோதனை டாப்ளர் அல்ட்ராசவுண்ட். லிம்ஃபோமா என்றால் விரை பெருத்து, கறுத்த பகுதிகளாக, இரத்த ஓட்டம் கூடுதலாகத் தெரியும். மற்ற விரைக் கட்டிகளைப் பிரித்தறிய ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். மூன்றையும் இரத்தத்தில் பாருங்கள். அடுத்து, தொடையிடுக்கு வழியாக அந்த விரையை முழுதாக அகற்ற வேண்டும். விரைப்பையின் தோல் வழியாக ஊசி குத்தி எடுப்பதோ கீறி எடுப்பதோ கூடாது. கட்டி அந்தப் பாதையில் சிந்தும், நிணநீர் வடியும் வழியும் மாறிவிடும். இங்கே அகற்றுவதே பயாப்சி, அதுவே சிகிச்சையின் முதல் படியும்கூட. விரைக்கு உள்ள தடுப்புச் சுவரால் கீமோ அங்கே முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. அதனால் மருந்தை மட்டும் நம்பி அந்த விரையை விட்டுவைப்பது நல்லதல்ல.

கட்டி வேறிடத்தில் வந்த வாசகர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டினால் நம் ஊரில் முதலில் நடப்பது எஃப்.என்.ஏ.சி. மெல்லிய ஊசியில் வரும் உதிரிச் செல்களை வைத்து லிம்ஃபோமாவை வகைப்படுத்த முடியாது. முழு நெறிகட்டியை எடுக்க வேண்டும். அது ஆழத்தில் இருந்தால் தடித்த ஊசியால் பல துண்டுகள் எடுக்க வேண்டும். எடுத்த திசுவை எதில் போடுகிறார்கள் என்பதில் நிறையப் போய்விடுகிறது. பெரும்பகுதி 10% ஃபார்மலினில் போக வேண்டும். ஒரு துண்டு ஃபார்மலின் படாமல் சலைனில் வைத்து உடனே ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களின் புரதங்களை வைத்து வகை பிரிக்கும் பரிசோதனை) போக வேண்டும். இன்னொரு துண்டு, அதுவும் சலைனில், காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பெர்ட்டுக்கும் கல்ச்சருக்கும் போக வேண்டும். கீமோ எடுத்தவருக்குக் காசநோயும் உண்மையிலேயே வரும் என்பதால் அந்தப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. திசு பார்க்காமலே காசநோய் மாத்திரையை ஆரம்பித்து இரண்டு மாதம் பார்ப்போம் என்பதுதான் தவறு. அவசரத்தில் எல்லாத் துண்டையும் ஒரே ஃபார்மலின் டப்பாவில் போட்டுவிட்டால் ஃப்ளோவும் கல்ச்சரும் அதோடு முடிந்தன. மாறாக, எல்லாவற்றையும் சலைனிலேயே இரவு முழுக்க விட்டால் திசு அழுகிப்போகும். அறுவை அரங்குக்குள் போகும் முன்பே எந்த டப்பாவில் எது என்று அறுவை மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது உத்தமம்.

நோயியல் அறிக்கையில் செல்லின் வகையைக் காட்டும் இந்தக் குறியீடுகள் இருக்க வேண்டும்: சி.டி.20, சி.டி.10, பி.சி.எல்.6, எம்.யு.எம்.1, பி.சி.எல்.2, மிக், கே.ஐ.67, ஈ.பி.வி.க்கான ஈபர். மிக், பி.சி.எல்.2, பி.சி.எல்.6 மூன்றுக்கும் ஃபிஷ் (மரபணு இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை). முடிந்தால் எம்.ஒய்.டி.88 மாற்றம். ரிட்டுக்சிமாப் பிடித்துத் தாக்கும் சி.டி.20 இன்னும் இருக்கிறதா என்பது ரிட்டுக்சிமாபை மீண்டும் கொடுப்பதில் பொருள் உண்டா என்று சொல்லும். ஈபர் பாசிட்டிவ் என்றால் நோயெதிர்ப்புக் குறைவால் வந்த வேறு வகை என்று யோசிக்க வேண்டும், எச்.ஐ.வி.யையும் மறுபடி பார்க்க வேண்டும். பழைய மூளைக் கட்டியின் பாரஃபின் பிளாக்கை (மெழுகில் பதித்த திசு) வாங்கி, இரண்டு திசுவின் இம்யூனோகுளோபுலின் மரபணுக் கோவையையும் ஒப்பிட்டால் அதே குளோனா என்று தெரிந்துவிடும். நல்ல தகவல்தான், ஆனால் அதற்காகச் சிகிச்சையை ஒரு நாளும் தள்ள வேண்டாம். இரண்டுமே பெரிய பி-செல் லிம்ஃபோமா என்றால் அடுத்து எடுக்கும் முடிவு அநேகமாக ஒன்றுதான்.

திசு கிடைத்ததும் உடல் முழுவதும் நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெட்-சி.டி. (குளுக்கோஸை அதிகம் உறிஞ்சும் இடங்களைக் காட்டும் ஸ்கேன்) எடுங்கள். ஆனால் அது மூளைக்கு நம்பத்தக்கதல்ல. மூளை இயல்பாகவே குளுக்கோஸை அள்ளி உறிஞ்சும் என்பதால் சின்னக் கட்டி அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடும். போன மாத எம்.ஆர்.ஐ. சுத்தம் என்பதும் போதாது. கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து சேர்த்து மூளைக்கும் தண்டுவடம் முழுவதற்கும் புதிதாக எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது. வரிசையை மாற்றினால், நீர் எடுத்ததாலேயே மூளை உறை ஸ்கேனில் ஒளிர்ந்து, நோய் பரவியதுபோல் பொய்யாகக் காட்டும். நீர் சுமார் 10 மில்லிலிட்டர் எடுத்து, சைட்டாலஜி, ஃப்ளோ இரண்டுக்கும் உடனடியாக ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அதிலுள்ள செல்கள் விரைவில் சிதைந்துவிடும், மாலை வரை மேசையில் கிடக்க விடாதீர்கள்.

கண் மருத்துவரிடம் ஸ்லிட் லேம்ப் பரிசோதனையும் வேண்டும். பார்வையில் புள்ளிகள் மிதப்பதும் மங்கலும் யுவெயிடிஸ் (கண் அழற்சி) என்ற பெயரில் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தில் போவது இந்த நோயில் பழகிப்போன கதை. கால் ஒன்றில் மட்டும் தீப்போல் நரம்பு வலி இருந்தால் அதையும் சொல்லுங்கள். லிம்ஃபோமா நரம்பு வழியே ஊர்வது உண்டு, அதைப் பெட்-சி.டி. நன்றாகப் பிடிக்கும்.

இவற்றோடு எலும்பு மஜ்ஜை, எக்கோ (இதய ஸ்கேன்), சிறுநீரகம் வடிகட்டும் வேகம், ஹெபடைடிஸ் பி பரிசோதனைகளும் வேண்டும். கடைசியாகச் சொன்னதில் எச்.பி.எஸ். ஆன்டிஜென் மட்டும் பார்த்தால் போதாது, ஆன்டி எச்.பி. கோர் ஆன்டிபாடியும் வேண்டும். என்றோ வந்து அடங்கிய வைரஸை ரிட்டுக்சிமாப் எழுப்பிவிடும், கல்லீரல் செயலிழப்பு வரை போகும். அதுவும் மூன்றாண்டுக்கு முன் பார்த்த முடிவு செல்லாது, ரத்தம் ஏற்றியிருப்பார்கள். கோர் ஆன்டிபாடி இருந்தால் என்டெகாவிர் போன்ற மருந்தைக் கீமோவுக்கு முன்பே தொடங்கி, கடைசி ரிட்டுக்சிமாபுக்குப் பின் குறைந்தது ஓராண்டு தொடர வேண்டும்.

சிகிச்சைக்கு வருவோம். மூளை லிம்ஃபோமாவுக்குக் கொடுத்த கீமோவில் டாக்சோரூபிசின் போன்ற ஆந்த்ராசைக்ளின் வகை மருந்து இருந்திருக்காது, ஏனெனில் அது மூளைக்குள் போகாது. அதனால் டாக்சோரூபிசினை அப்பாவின் நோய் இன்னும் சந்திக்கவே இல்லை. உடலில் வரும் பெரிய பி-செல் லிம்ஃபோமாவுக்கு முதுகெலும்பான ஆர்-சாப் முழு வலிமையோடு கையில் இருக்கிறது. 21 நாளுக்கு ஒரு முறை, 6 சுற்று. சதுர மீட்டருக்கு ரிட்டுக்சிமாப் 375 மில்லிகிராம், சைக்ளோஃபாஸ்ஃபமைடு 750, டாக்சோரூபிசின் 50, வின்கிரிஸ்டின் 1.4, அதோடு தினம் 100 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் ஐந்து நாள். 165 செ.மீ. உயரமும் 64 கிலோ எடையும் உள்ளவரின் உடற்பரப்பு ஏறக்குறைய 1.71 சதுர மீட்டர். அவருக்கு ஒரு சுற்றில் ரிட்டுக்சிமாப் சுமார் 640 மில்லிகிராம், சைக்ளோஃபாஸ்ஃபமைடு 1,280, டாக்சோரூபிசின் 85. வின்கிரிஸ்டின் கணக்குப்படி 2.4 வந்தாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை, நரம்பு கெடும். ஆறு சுற்றில் டாக்சோரூபிசின் மொத்தம் சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம். இதயம் பாதிக்கப்படும் அபாயம் வேகமாக ஏறும் அளவு 450ஐ ஒட்டி என்பதால், எக்கோ சரியாக இருந்தால் இடம் இருக்கிறது. இந்த அளவுகளை அறிக்கையோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். இறுதி அளவை அவரைப் பார்க்கும் மருத்துவரே தீர்மானிப்பார்.

ஆர்-சாப் மட்டும் கொடுத்து நிறுத்திவிட்டால் மூளை காவலின்றிக் கிடக்கும். இந்த இடத்தில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சாதாரணப் பெரிய பி-செல் லிம்ஃபோமாவில் மூளையைக் காக்க முன்கூட்டியே மெத்தோட்ரெக்சேட் கொடுப்பதன் பலன் சந்தேகத்துக்குரியது என்று அண்மைய ஆய்வுகள் சொல்கின்றன. அதை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது என்பது என் கருத்து. ஏற்கனவே மூளையில் குடியிருந்த நோய், விரையிலும் வந்திருக்கிறது. மீண்டும் மூளைக்குப் போகும் வாய்ப்பு இரண்டு கணக்கிலும் அதிகம். சிறுநீரகம் தாங்கினால் மூளைக்குள் போகும் மருந்து ஏதாவது திட்டத்தில் இருக்க வேண்டும்.

அதைச் செய்ய இரண்டு வழிகள். ஒன்று, ஆர்-சாப் சுற்றுகளோடு அல்லது அவை முடிந்தபின் சதுர மீட்டருக்கு 3 முதல் 3.5 கிராம் மெத்தோட்ரெக்சேட். சுற்றின் நடுவில், பத்தாம் நாள் வாக்கில் போட்டால் வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகமும் வாய்ப்புண்ணும் சேர்ந்து அடுத்த ஆர்-சாப் தள்ளிப்போகும். அதனால் கடைசியில் போடுவதையே பலர் விரும்புகிறார்கள். இரண்டாவது, மூளையிலும் வெளியிலும் ஒரே நேரத்தில் நோய் இருந்தால், மேட்ரிக்ஸ் (மெத்தோட்ரெக்சேட், சைட்டராபின், தியோடெப்பா, ரிட்டுக்சிமாப்) மூன்று சுற்று, ஆர்-ஐஸ் (ரிட்டுக்சிமாப், ஐஃபாஸ்ஃபமைடு, கார்போபிளாட்டின், எட்டோபோசைடு) மூன்று சுற்று, பிறகு கார்மஸ்டின்-தியோடெப்பாவோடு சொந்த ஸ்டெம்செல் மாற்று. இது மாரியெட்டா ஆய்வில் பயன்படுத்திய வரிசை. வலுவானது, கிருமித் தொற்றால் உயிரிழப்பும் நேரக்கூடியது. உடல் பலமும் அனுபவமுள்ள மையமும் இரண்டும் இருந்தால் மட்டும் இறங்க வேண்டும்.

உங்கள் அப்பாவின் நிலைக்கு, மூளையும் தண்டுவட நீரும் சுத்தம் என்று உறுதியானால், விரை அகற்றல், ஆர்-சாப், மூளைக்கான மெத்தோட்ரெக்சேட், மற்ற விரைக்கு ரேடியேஷன், அதன் பின் தியோடெப்பா உள்ள ஸ்டெம்செல் மாற்று என்ற வரிசையை மருத்துவரிடம் பேசலாம். முன்பு மாற்று செய்யாதது இப்போது ஒரு வாய்ப்பாக நிற்கிறது. ஸ்டெம்செல் சேகரிப்பைக் கடைசி வரை தள்ள வேண்டாம். கீமோ சுற்றுகள் கூடக் கூட மஜ்ஜை சோர்ந்து, எடைக்குக் கிலோவுக்கு 20 லட்சம் சி.டி.34 செல் (ஸ்டெம்செல்லை எண்ணும் குறியீடு) என்ற குறைந்தபட்சமே கிடைக்காமல் போகும். உடல் தளர்ந்தவர்களுக்கும் எண்பதை நெருங்கியவர்களுக்கும் ஆர்-மினி-சாப் உண்டு: சைக்ளோஃபாஸ்ஃபமைடு 400, டாக்சோரூபிசின் 25, வின்கிரிஸ்டின் மொத்தமே 1 மில்லிகிராம்.

மற்ற விரைக்கான ரேடியேஷனைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கீமோ முடிந்தபின் 25 முதல் 30 கிரே. செய்யாவிட்டால் அந்தப் பக்கம் திரும்பும் அபாயம் ஆண்டுக்கணக்கில் தொடரும். செய்தபின் டெஸ்டோஸ்டிரோன் குறையும். சோர்வும் எலும்புத் தேய்வும் வந்தால் அதற்கு மாற்று மருந்து கொடுக்கலாம்.

மெத்தோட்ரெக்சேட் மீண்டும் போடுவதென்றால் பழைய எச்சரிக்கைகள் அத்தனையும் உண்டு. சிறுநீர் பி.எச். 7க்கு மேல், தாராளமான சலைன், 24 மணி நேரத்தில் லூக்கோவோரின் (மெத்தோட்ரெக்சேட்டின் நச்சைத் தணிக்கும் மாற்று மருந்து) தொடக்கம், தினமும் இரத்தத்தில் மருந்தின் அளவு. கோட்ரைமாக்சசோல், பேண்டோபிரசோல் வகை, வலி மாத்திரைகள், பென்சிலின் வகை ஆன்டிபயாடிக் நான்கும் மருந்து வெளியேறுவதைத் தடுக்கும். வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் கோத்திருந்தால் மருந்து அங்கே தங்கி, நாள்கணக்கில் கசிந்து நஞ்சாகும். முதலில் நீரை வடித்துவிட வேண்டும். முதுகு ஊசி போடும் நாளில் வின்கிரிஸ்டின் சிரிஞ்சு அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. அது தண்டுவட நீரில் போனால் உயிர் போகும்.

இத்தனைக்கும் அடங்காமல் நோய் மறுபடி வந்தால், இப்ருடினிப், லெனலிடோமைடு இரண்டும் எம்.ஒய்.டி.88 மாற்றமுள்ள இந்தக் குடும்பத்தில் வேலை செய்யக்கூடியவை, மூளைக்குள்ளும் ஓரளவு போகும். இப்ருடினிபோடு ஸ்டீராய்டும் நாள்கணக்கில் சேர்ந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலையும் மூளையையும் பிடிக்கும் அபாயம் உண்டு. கார்-டி (நோயாளியின் சொந்த டி-செல்களை எடுத்து, புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றித் திரும்பச் செலுத்தும்) சிகிச்சையில் ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அது தேவைப்படலாம் என்று தோன்றினால் நோய் சிறிதாக இருக்கும்போதே மையத்தைத் தொடர்புகொள்ளுங்கள். செல் எடுத்துத் தயாராகி வரச் சில வாரங்கள் ஆகும், அதுவரை நோயைக் கட்டுக்குள் வைக்க வேண்டியிருக்கும்.

மூளை லிம்ஃபோமா முடிந்த மற்றவர்களுக்கு: வழக்கமான கண்காணிப்பு மூளை எம்.ஆர்.ஐ.தான். முதல் இரண்டாண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த மூன்றாண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. அறிகுறி இல்லாமல் பெட்-சி.டி. அடிக்கடி எடுக்கத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு வருகையிலும் நெறிகட்டி, தோல், மார்பகம், விரை நான்கையும் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூளைப் பிரிவில் நடக்கும் வருகைகளில் இது தவறிவிடுகிறது.

மருத்துவரிடம் போகும்போது மூன்று தாள்கள் கையில் இருக்கட்டும். பழைய மூளை பயாப்சியின் அறிக்கையும் அந்தப் பிளாக் எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்ற விவரமும். முன்பு கொடுத்த ஒவ்வொரு மருந்தின் மொத்த அளவும் தேதியும். ஒவ்வொரு மெத்தோட்ரெக்சேட்டுக்குப் பின்னும் இரத்த அளவு எத்தனை மணி நேரத்தில் இறங்கியது, கிரியேட்டினின் எவ்வளவு ஏறியது என்ற குறிப்பு. மூன்றாவது தாளைப் பெரும்பாலோர் கொண்டுவருவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இருக்காது, வார்டு சார்ட்டிலிருந்து கேட்டு வாங்க வேண்டும். அடுத்த முறை மெத்தோட்ரெக்சேட்டை எவ்வளவு துணிந்து கொடுக்கலாம் என்பதை மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.